பனியைப் பார்க்கப் போகிறோம், மனிதர்களைப் பார்ப்போமா?

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்களுக்கு ஒரு வகைச் செய்தி தவறாமல் வந்துவிடும். "தோழர், கிறிஸ்துமஸ் லீவுக்கு ஃபின்லாந்து போலாம்னு இருக்கோம். லாப்லாந்து. நாலு பேரு. போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா நம்பர் குடுங்க." அனுப்புகிறவர்கள் ஜெர்மனி, ஸ்வீடன், நெதர்லாந்து என்று மேற்படிப்புக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள். பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். உதவித்தொகையில் போனவர்கள் இருக்கிறார்கள், கடன் வாங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் உணவகத்தில் பாத்திரம் கழுவிச் சேர்த்த காசில் ஒருமுறை பனியையும் வானத்தில் ஆடும் பச்சை ஒளியையும் பார்த்துவிட ஆசைப்படுகிறார்கள்.

அந்தப் படம் முகநூலில் ஏறியதும் என்ன நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். "அரசாங்கப் பணத்துல ஊர் சுத்துறாங்க" என்று ஒருவர் எழுதுவார். நம் பக்கத்திலிருந்தே ஒருவர், "இங்கே எவ்வளவு பிரச்சினை இருக்கு, இயக்கத்துல இருக்கறவங்களுக்கு இது தேவையா?" என்று கேட்பார். முதல் ஆளுக்கு நாம் பதில் சொல்லத் தேவையில்லை. அவர் பிள்ளை சுவிட்சர்லாந்து போனால் அது அனுபவம், நம் பிள்ளை போனால் அது வீண்செலவு. இரண்டாவது தோழருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஓய்வும் பயணமும் உழைக்கும் மக்களுக்கு ஆகாதவை என்று நாம் எப்போது ஒப்புக்கொண்டோம்?

அண்ணல் அம்பேத்கரே சுற்றுலா போனவர்தான். 1934-இல் இயக்கத் தோழர்கள் சுமார் முப்பது பேருடன் எல்லோரா பௌத்தக் குகைகளைப் பார்க்கக் கிளம்பினார். வழியில் நிஜாம் ஆட்சிப் பகுதியில் இருந்த தௌலதாபாத் கோட்டையில் இறங்கினார்கள். பயணப் புழுதி போக வாசலில் இருந்த குளத்தில் முகம் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று கூட்டம் கூடி வசைபாடியது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் தாங்கிய சிப்பாய் ஒருவரைக் காவலுக்குப் போட்டுத்தான் கோட்டையைப் பார்க்க விட்டார்கள். இதை அவர் எழுதிவைத்த சிறு தன்வரலாற்று நூலின் பெயர் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'. விசா வரிசையில் நிற்கும்போது அந்தத் தலைப்பு நம் நினைவுக்கு வர வேண்டும்.

ஆகவே போங்கள். போகலாமா என்ற கேள்வியே வேண்டாம். எங்களுக்கு இருப்பது வேறு ஒரு கேள்வி. நீங்கள் போகும் அந்த நிலம் யாருடையது? உங்கள் பயணத் திட்டத்தில் விமானம் இருக்கிறது, கண்ணாடிக் கூரை அறை இருக்கிறது, பனிமான் சவாரி இருக்கிறது. அந்த நிலத்தின் மக்கள் எங்கே இருக்கிறார்கள்?

சுற்றுலா விற்கும் லாப்லாந்து

எல்லோரும் முதலில் போவது ரோவனியேமி நகருக்கு. நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, ஆர்க்டிக் வட்டக் கோட்டின் மேல், 'சாண்டா கிளாஸ் கிராமம்' இருக்கிறது. ஏதோ பழங்காலக் கிராமம் என்று நினைத்துவிடாதீர்கள். 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ரோவனியேமியைக் கொளுத்திவிட்டுப் போனது. போருக்குப் பிறகு புதிதாகக் கட்டிய நகரம் அது. 1950-இல் எலினார் ரூஸ்வெல்ட் பார்வையிட வந்தபோது அவசரமாக ஒரு மரக்குடில் கட்டினார்கள். அதைச் சுற்றி 1985-இல் உருவான வணிக ஏற்பாடுதான் இன்றைய சாண்டா கிராமம். அதில் தவறு ஒன்றுமில்லை. பிழைப்புக்கு வழி தேடிய ஊர், ஒரு கதையைப் பிடித்துக்கொண்டது. குழந்தைகளோடு போனால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. நாய்வண்டிச் சவாரியை 'லாப்லாந்தின் பாரம்பரியம்' என்று விற்கிறார்கள். ஹஸ்கி நாய்வண்டி சாமி மக்களின் வழக்கம் அல்ல, சுற்றுலாவுக்காக வெளியிலிருந்து வந்தது. பனிக்கட்டி வீடான 'இக்லூ' கனடா, கிரீன்லாந்து பகுதிகளின் இனுயிட் மக்களுடையது. சாமி மக்களின் கூடாரத்துக்குப் பெயர் லாவ்வு. இவற்றையெல்லாம்விட மோசம், சாமி அல்லாதவர்கள் போலி உடையைப் போட்டுக்கொண்டு, மந்திரவாதி வேடத்தில் நடத்தும் 'ஆர்க்டிக் சடங்கு'கள். பல்லாண்டுகளாகச் சாமி மக்கள் இதைக் கண்டித்து வருகிறார்கள்.

யார் இந்தச் சாமி மக்கள்?

பெயரைக் கேட்டதும் குழம்ப வேண்டாம். நம் ஊரில் 'சாமி' என்பது, கைகட்டி நின்று ஆண்டைகளைக் கூப்பிடச் சொன்ன சொல். அங்கே 'சாமி' என்பது ஒடுக்கப்பட்ட ஒரு பழங்குடி மக்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர். நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யா என்ற நான்கு நாடுகளின் எல்லைகள் அவர்கள் நிலத்தைக் கூறுபோட்டிருக்கின்றன. தங்கள் நிலத்தை அவர்கள் 'சாப்மி' என்கிறார்கள். 'லாப்' என்பது வெளியார் வைத்த இழிபெயர். பிறர் வைத்த பெயரைச் சுமப்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லாப்லாந்து என்ற பெயரை நாமும் பயன்படுத்தத்தான் செய்கிறோம், வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மனிதர்களை 'லாப்' என்று ஒருபோதும் அழைக்காதீர்கள்.

ஃபின்லாந்தில் மட்டும் சாமி மக்கள் சுமார் 10,000 பேர். உத்ஸ்யோகி, இனாரி, எனொந்தேகியோ ஆகிய மூன்று நகராட்சிகளும், சொதான்கிலாவின் வடபகுதியும் சட்டப்படி அவர்களின் தாயகம். சாண்டா கிராமம் உள்ள ரோவனியேமி இந்தத் தாயகத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கேயே சுற்றிவிட்டுத் திரும்புகிறவர் சாமி தாயகத்தில் கால் வைக்காமலே, 'சாமி' என்று சொல்லி விற்ற பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருப்பார்.

இவர்களுக்கு நடந்தது என்ன? 17-ஆம் நூற்றாண்டில் திருச்சபையும் அரசும் அவர்களின் வழிபாட்டு மேளங்களைப் பறித்தன. மேளத்தைக் கைவிட மறுத்த லார்ஸ் நீல்சன் என்ற சாமி முதியவரை 1693-இல் ஸ்வீடனில் தீயிலிட்டுக் கொன்றார்கள். நார்வேயில் 1898-இல் வந்த ஆணை பள்ளிகளில் சாமி மொழியை ஒடுக்கியது. 1902-இல் வந்த நிலச் சட்டம், நார்வே மொழி பேசத் தெரிந்தவர்களுக்கே அரசு நிலத்தை விற்கலாம் என்றது. ஃபின்லாந்தில் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் தாய்மொழி பேசத் தடை இருந்தது. தன் மொழியைப் பேசினால் அவமானம் என்று நம்பவைக்கப்பட்ட தலைமுறை, அதைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லித்தராமலே விட்டுவிட்டது.

1922-இல் ஸ்வீடன் அரசு உப்சாலாவில் 'இன உயிரியல்' நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. அதன் ஆட்கள் ஊர் ஊராகப் போய்ச் சாமி மக்களின் மண்டையை அளந்தார்கள், ஆடையில்லாமல் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். இங்கே ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கை அளந்து சாதிக்கு 'அறிவியல்' கண்டுபிடிக்கப் பார்த்தார். அந்த அளவுகளையே எடுத்துத் தீண்டாமைக்கு இன அடிப்படை இல்லை என்று அம்பேத்கர் நிறுவினார். அளவுகோல் பிடித்தவன் எந்த நாட்டவனாக இருந்தாலும் முடிவை முன்பே எழுதிவைத்துக்கொண்டுதான் வந்தான். அப்படித் தோண்டி எடுத்துச் சென்ற சாமி மூதாதையரின் எலும்புகள் இன்னும் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. ஸ்வீடனின் லிக்செலேயில் 25 பேரின் எச்சங்களை 2019 ஆகஸ்டில்தான் மீண்டும் அடக்கம் செய்தார்கள்.

இது பழங்கதை அல்ல

அனுதாபத்தோடு நிறுத்திக்கொண்டால் நாம் எதையும் கற்கவில்லை என்று பொருள். அவர்கள் போராடி வந்திருக்கிறார்கள், இன்றும் போராடுகிறார்கள்.

எல்சா லவுலா ரென்பெர்க் என்ற சாமி பெண் 1904-இலேயே நில உரிமை கேட்டுத் துண்டுநூல் எழுதினார். அவர் முன்னின்று கூட்டிய முதல் சாமி மாநாடு 1917 பிப்ரவரி 6 அன்று ட்ரொண்ட்ஹைமில் தொடங்கியது. அந்த நாளே இன்று சாமி தேசிய நாள். 1970-களின் இறுதியில் நார்வேயின் ஆல்தா ஆற்றில் அணை கட்ட வந்தபோது, ஒஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன்னால் கூடாரம் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அணையைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தின் விளைவாக 1989-இல் நார்வேயில் சாமி நாடாளுமன்றம் அமைந்தது. 1993-இல் ஸ்வீடனிலும் 1996-இல் ஃபின்லாந்திலும் அப்படிப்பட்ட மன்றங்கள் வந்தன.

2021 அக்டோபரில் நார்வே உச்ச நீதிமன்றம், ஃபோசன் பகுதியில் பனிமான் மேய்ச்சல் நிலத்தில் கட்டிய இரண்டு காற்றாலைத் திட்டங்களின் உரிமம் செல்லாது, அவை சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுகின்றன என்று தீர்ப்பளித்தது. மொத்தம் 151 காற்றாலைகள். தீர்ப்பு வந்து 500 நாள் ஆகியும் ஒன்றுகூட நிற்கவில்லை. 2023 பிப்ரவரியில் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் அமைச்சகத்துக்குள் உட்கார்ந்து வாசலை மறித்தார்கள். பிறகு அரசு வருத்தம் தெரிவித்தது, இழப்பீடும் மாற்று மேய்ச்சல் நிலமும் தருவதாக ஒப்பந்தம் ஆனது. காற்றாலைகள் இன்றும் சுற்றுகின்றன. தீர்ப்பு கையில் இருந்தும் நிலம் கைக்கு வராத கதையைப் பஞ்சமி நிலம் கேட்டு அலைகிற நமக்கு யாரும் விளக்க வேண்டாம்.

ஃபின்லாந்துக்கு வருவோம். அந்த நாட்டில் 'எல்லோருக்குமான உரிமை' என்று ஒன்று இருக்கிறது. காடு யாருடையதாக இருந்தாலும், வீட்டு முற்றத்தையும் பயிரையும் விட்டுவிட்டு, யாரிடமும் கேட்காமல் அதில் நடக்கலாம், பனிச்சறுக்கலாம், காட்டுப் பழம் பறிக்கலாம். பொதுத்தெருவில் செருப்புப் போட்டு நடக்கப் போராட வேண்டியிருந்த மக்களின் பிள்ளைகளுக்கு இதைக் கேட்கும்போதே சிலிர்க்கும். அந்த உரிமையை ஆசை தீர அனுபவியுங்கள். கூடவே இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சாமி தாயகத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிலத்தை அரசு தன்னுடையது என்கிறது. பழங்குடி மக்களின் நில உரிமையை ஏற்கும் ஐ.எல்.ஓ. 169-ஆம் உடன்படிக்கையை நார்வே 1990-இலேயே ஏற்றது. ஃபின்லாந்து ஏற்கவில்லை. இந்தியாவும் ஏற்கவில்லை. வந்துபோகிறவர் சுதந்திரமாக நடக்கும் காட்டில், அங்கேயே வாழ்கிறவரின் உரிமை இன்னும் வழக்கில் கிடக்கிறது.

பயணத்தை எப்படித் திட்டமிடலாம்?

அங்கே போய்வந்த தோழர்களிடம் கேட்டும், தேடிப் படித்தும் நாங்கள் சேர்த்த சில யோசனைகள் இவை.

*காலம்.* வடகோடியான உத்ஸ்யோகியில் நவம்பர் கடைசி வாரம் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை. நண்பகலில் சில மணிநேரம் நீல வெளிச்சம் மட்டும் இருக்கும். கிறிஸ்துமஸ் வாரத்தில் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். முடிந்தால் ஜனவரி இறுதிக்கோ பிப்ரவரி முதல் வாரத்துக்கோ தள்ளிப்போடுங்கள். பனி நிறைய இருக்கும், பகலும் இருக்கும். ஜனவரியில் இனாரியில் 'ஸ்காப்மாகோவாத்' என்ற பழங்குடி மக்கள் திரைப்பட விழா நடக்கிறது. பனியாலேயே கட்டிய திறந்தவெளி அரங்கில் படம் பார்க்கலாம். பிப்ரவரி 6 சாமி தேசிய நாள். ஸ்வீடன் பக்கம் இருப்பவர்கள் பிப்ரவரித் தொடக்கத்தில் நடக்கும் யொக்மொக் குளிர்காலச் சந்தைக்குப் போகலாம். 400 ஆண்டுகளைத் தாண்டிய சந்தை அது.

*விசா.* ஜெர்மனி, ஸ்வீடன் போன்ற ஷெங்கன் நாடுகளில் மாணவர் வதிவிட அனுமதி இருந்தால் ஃபின்லாந்துக்குத் தனி விசா வேண்டாம். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். பிரிட்டனிலோ அயர்லாந்திலோ படிப்பவர்களுக்கும், இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கும் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

*வழி.* ஹெல்சிங்கியிலிருந்து ரோவனியேமிக்கு இரவு ரயில் உண்டு. அங்கேயே நின்றுவிடாமல் 300 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே உள்ள இனாரிக்குப் பேருந்தில் போங்கள். போகும் வழியும் பார்க்க வேண்டியதுதான்.

*குளிர்.* மைனஸ் 30 டிகிரி என்பது அங்கே செய்தி அல்ல. உடம்போடு ஒட்டிக் கம்பளி, அதன் மேல் ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்றுப் புகாத சட்டை என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது, குளிர் ஏறும். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், உள்ளே காற்று இருந்தால்தான் சூடு தங்கும். கைபேசி மின்கலம் சட்டென்று இறங்கும், உள்சட்டைப் பையில் வையுங்கள். விலை கூடிய உடுப்புகளைப் புதிதாக வாங்காதீர்கள். சவாரிக்கு அழைத்துப்போகும் நிறுவனங்கள் பலவும் குளிர் உடுப்பைத் தாங்களே தருகின்றன. வட ஒளிக்கு இருட்டும் மேகமில்லாத வானமும் வேண்டும். எவ்வளவு பணம் கட்டினாலும் அது வரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

*மனிதர்கள்.* இனாரியில் 'சீடா' என்ற சாமி அருங்காட்சியகம் இருக்கிறது. 2024-இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியக விருது பெற்றது. ஹெல்சிங்கியில் இருந்த 2,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் 2021-இல் இந்த அருங்காட்சியகத்துக்குத் திரும்பின. தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் இடம் அது. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பக்கத்தில் உள்ள 'சாயோஸ்' கட்டடத்தில் சாமி நாடாளுமன்றம் கூடுகிறது. அங்கே இனாரி சாமி என்ற மொழியைப் பேசுகிறவர்கள் சில நூறு பேர்தான். சின்னஞ்சிறு குழந்தைகளை அந்த மொழியிலேயே வளர்க்கும் 'மொழிக்கூடு'களை 1997-இல் தொடங்கி, அழியவிருந்த மொழியை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

செய்யக் கூடாதவை

சாமி மக்கள் சுற்றுலாவுக்கு எதிரானவர்கள் அல்லர். பல குடும்பங்கள் அதில்தான் பிழைக்கின்றன. ஃபின்லாந்துச் சாமி நாடாளுமன்றம் 2018-இல் பொறுப்பான சுற்றுலாவுக்கான நெறிகளை வெளியிட்டது. சாமி பண்பாட்டைச் சுரண்டும் சுற்றுலா நிற்க வேண்டும், பொய்த் தகவல் பரவக் கூடாது என்பவைதாம் அதன் அடிப்படை. அதிலிருந்து நமக்கான பாடங்களை எடுத்துக்கொள்வோம்.

அவர்களின் 'காக்தி' உடை வேடப்பொருள் அல்ல. எந்தக் குடும்பம், எந்த ஊர் என்பதை அது சொல்லும். போலி காக்தியைப் போட்டுக்கொண்டு படம் எடுக்காதீர்கள். கைவினைப் பொருள் வாங்கினால் 'சாமி துவோஜி' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பனிமான் சவாரி போவதானால் அந்தப் பண்ணை யாருடையது என்று முன்பே கேளுங்கள். பனிமான் வளர்ப்பவரிடம் "உங்களுக்கு எத்தனை மான்?" என்று கேட்காதீர்கள். அது வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்குச் சமம். கேட்காமல் யாரையும், அவர்கள் வீட்டையும் குழந்தைகளையும் படம் எடுக்காதீர்கள். மேயும் மான்களை விரட்டிப் படம் எடுக்காதீர்கள். உறைந்த பனியைக் காலால் தோண்டித்தான் அவை அடியில் உள்ள பாசியைத் தின்கின்றன. குளிர்காலத்தில் மழை பெய்து பனிமேல் கட்டி ஓடு படிந்துவிட்டால் அதுவும் முடியாது. புவி சூடாகச் சூடாக இந்த ஆபத்து கூடுகிறது. அந்த நேரத்தில் மானை ஓடவைப்பது பட்டினி கிடப்பவரை ஓடவைப்பது போன்றது.

கேட்டுச் செய்வது பெரிய கம்பெனிகளால்கூட முடிகிற காரியம்தான். 'ஃப்ரோசன்' முதல் படம் சாமி பண்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது பற்றி விமர்சனம் எழுந்தது. இரண்டாம் படத்துக்கு டிஸ்னி 2019-இல் சாமி அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டது. படம் வட சாமி மொழியிலும் வந்தது. கோடிகளில் புரளும் டிஸ்னிக்கு முடிந்தது நம்மால் முடியாதா?

இதெல்லாம் எங்கோ தூரத்து நாட்டுக்கு மட்டுமான நெறி அல்ல. ஊட்டிக்குப் போகும்போது அழைப்பில்லாமல் தோடர் மந்துக்குள் நுழைந்து படம் எடுத்தவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அந்தமானில் ஜாரவா மக்களைச் சாப்பாட்டைக் காட்டி ஆடச் சொன்ன காணொளி 2012-இல் உலகம் முழுக்க வெளிவந்தது. அந்தச் சாலையில் வண்டியில் போனவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்களா? ஒடுக்கப்பட்டவராகப் பிறந்ததாலேயே பார்க்கும் பார்வை சரியாகிவிடாது. அதையும் பழகித்தான் ஆக வேண்டும்.

இறுதியாக ஒரு எச்சரிக்கை. அவர்களைப் பார்த்ததும் "நாங்களும் உங்களைப் போலத்தான்" என்று பேச ஆரம்பித்துவிடாதீர்கள். அவர்கள் பழங்குடி மக்கள். அவர்கள் சிக்கல் நிலமும் மொழியும் நான்கு நாட்டு எல்லைகளும். நம் சிக்கல் ஒரே ஊருக்குள் மேல் கீழ் என்று அடுக்கிவைத்த சாதி. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே மங்கிப்போகும். முதலில் கேளுங்கள். அவர்கள் கேட்டால் நம் கதையைச் சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது வட ஒளிப் படத்தை முகநூலில் போடுங்கள், வயிற்றெரிச்சல் படுகிறவர்கள் படட்டும். அந்தப் படத்தோடு நான்கு வரி சேர்த்து எழுதுங்கள்: இது யாருடைய வானம், இந்த நிலத்துக்கு அதன் மக்கள் வைத்த பெயர் என்ன, அவர்கள் இன்று எதற்காகப் போராடுகிறார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் "தோழர், லாப்லாந்து போலாம்னு இருக்கோம்" என்று வரும் செய்திகளில் ஒன்றாவது "தோழர், சாப்மி போலாம்னு இருக்கோம்" என்று வரட்டும்.

ஜெய்பீம்!